அளவே முதல் முடிவு

பங்குச் சந்தையைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் பங்கை வாங்குவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நிகழ்கிறது. அந்தப் பங்கில் மொத்தச் சேமிப்பின் எத்தனை விழுக்காட்டைப் போடலாம் என்ற கேள்விக்கோ, வாங்கும் நாளில் வங்கிக் கணக்கில் மிச்சமிருக்கும் தொகையோ, உடன் வேலை செய்பவர் போட்ட தொகையோ விடையாகிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் செல்வம் இருபது ஆண்டுகளில் வளர்கிறதா கரைகிறதா என்பதை முடிவு செய்வதில் இந்த இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியைவிடக் கூடுதலான இடம் உண்டு. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறே செய்யாத முதலீட்டாளர் எவரும் இல்லை என்பதும், ஒரு தவறு விளைவிக்கக்கூடிய சேதத்தின் எல்லையை முன்கூட்டியே வரைந்துகொள்வது சாதாரணச் சேமிப்பாளருக்கும் இயலும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

மேல்நோக்கில் இது பெருநகரங்களின் கவலைபோலத் தோன்றினாலும், இதற்கான மிகத் தெளிவான சான்றுகள் நீலகிரி மலையின் பொருளாதார வரலாற்றில் இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மலை ஒரு பயிரிலோ ஒரு தொழிற்சாலையிலோ அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்து, பின்னர் அதன் விலையைச் செலுத்திவந்திருக்கிறது.

மலை கண்ட சரிவுகள்

இலங்கையில் 1869-இல் தலைகாட்டிய காப்பி இலைத் துரு நோய், அடுத்த பத்தாண்டுகளில் தென்னிந்திய மலைகளுக்கும் பரவி, காப்பியை மட்டும் நம்பியிருந்த தோட்டக்காரர்களை நிலைகுலையச் செய்தது. 1860-களில் தொட்டபெட்டா பகுதியில் அரசு தொடங்கிய சின்கோனா சாகுபடியும் நடுவட்டத்தின் கொய்னா ஆலையும் மலேரியா மருந்துக்கு உலகம் முழுவதும் இருந்த தேவையால் செழித்தன. இரண்டாம் உலகப் போரையொட்டிச் செயற்கை மருந்துகள் வந்ததும் அந்தத் தேவை சுருங்கியது. ஊட்டி உருளைக்கிழங்கு பெயர்பெற்று விளங்கிய காலத்தில், 1961-இல் இங்கு கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு மண்ணிலேயே பல ஆண்டுகள் உயிர்த்திருக்கக்கூடியது என்பதால், விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குச் செல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. கிழங்கையும் காய்கறியையும் பயிரிட்ட சிறு விவசாயிகள் பலர் தேயிலைக்கு மாறினர்; அவர்களது இலையை வாங்கிப் பதப்படுத்தும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ் 1965-இல் உருவானது. தென்னிந்தியத் தேயிலைக்குப் பெரும் சந்தையாக இருந்த சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்து, 1990-களின் இறுதியில் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கியபோது, ஒரே பயிருக்கு மாறியிருந்த கிராமங்கள் ஒன்றுபோலப் பாதிக்கப்பட்டன.

ஊட்டி இந்து நகரில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் கதை இதே பாடத்தைத் தொழில்துறையின் பக்கமிருந்து சொல்கிறது. 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனம் திரைப்படச் சுருள், எக்ஸ்ரே ஃபிலிம் ஆகியவற்றைத் தயாரித்து, ஊட்டியின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வாதாரமாக இருந்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்ததும், பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்காக வாங்கிய கடனின் வட்டி ஏறியதும், அவற்றைத் தொடர்ந்து டிஜிட்டல் படமுறை வந்ததும் சேர்ந்து அந்நிறுவனத்தை முடக்கின. ஃபிலிம் தயாரிப்பது தொடங்கிய காலத்தில் தவறான தொழில் அன்று. நிறுவனத்தின் தாங்கும் சக்தியோடு ஒப்பிடும்போது, ஒரே தொழில்நுட்பத்தின் மீது ஏற்றப்பட்ட கடனின் அளவே தவறாக இருந்தது.

இந்த ஐந்து நிகழ்வுகளிலும் சரிவின் காரணங்கள் வேறுவேறானவை: பூஞ்சை நோய், வேதியியல் கண்டுபிடிப்பு, ஒரு நுண்ணிய நூற்புழு, அயல்நாட்டு அரசியல், தொழில்நுட்ப மாற்றம். இவற்றுள் எதையும் நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து முன்னறிந்திருக்க முடியாது. முன்னறிய முடியாத ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மேலும் நுணுக்கமான ஆராய்ச்சியில் கிடைப்பதில்லை. எந்த ஒன்றும் குடும்பத்தையே சாய்க்கும் அளவுக்குப் பெருக விடாமல் இருப்பதில்தான் அது கிடைக்கிறது.

ஏற்கெனவே வைத்திருக்கும் பங்கு

புதிய பங்கு ஒன்றில் போட வேண்டிய தொகையைக் கணக்கிடுபவர் முதலில் எண்ண வேண்டியது, டீமேட் கணக்கில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கில், இல்லாத சொத்துகளை. கோத்தகிரியில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு நிலத்தின் மதிப்பும், மாதந்தோறும் தொழிற்சாலையிலிருந்து வரும் பச்சைத் தேயிலைப் பணமும் தேயிலை விலையைப் பொறுத்தவை. கடையோ வாகனமோ இருந்தால் அதன் வருமானமும் அதே விலையால் செழிக்கும் ஊரைச் சார்ந்தது. அந்தக் குடும்பம் தனக்கு நன்கு தெரிந்த தொழில் என்ற காரணத்தால் ஒரு தேயிலை நிறுவனத்தின் பங்கை வாங்குமானால், காகிதத்தில் புதிய முதலீடாகத் தெரிவது உண்மையில் பழைய முதலீட்டை மேலும் பெருக்குவதாகவே அமையும். விலை சரியும் ஆண்டில் இலைப் பணமும் பங்கின் மதிப்பும் ஒன்றாகவே இறங்கும்.

சுற்றுலாவை நம்பி வாழும் ஊட்டிக்காரருக்கும் இது பொருந்தும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது விடுதிகளின் வருமானம் நின்றதும், சந்தையில் விடுதி மற்றும் விமானப் போக்குவரத்து நிறுவனங்களின் பங்குகள் கடுமையாக இறங்கியதும் ஒரே காரணத்தால் ஒரே மாதத்தில் நிகழ்ந்தவை. அமெரிக்காவில் 2001-இல் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபோது, ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதியை அதே நிறுவனத்தின் பங்குகளில் வைத்திருந்த ஊழியர்கள் வேலையையும் முதுமைக்கால நிதியையும் சேர்த்தே இழந்தனர். ஒன்றன் விலை இறங்கும்போது மற்றொன்றும் சேர்ந்து இறங்கும் இந்தத் தன்மையைப் பொருளியலாளர்கள் ஒட்டுறவு என்பர். 1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் வெளியிட்டு, 1990-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த கோட்பாட்டின் மையமும் இதுவே: ஒரு பங்கின் ஆபத்தைத் தனியாக எடைபோடுவது போதாது, ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்ந்து அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தே அதற்கான அளவை முடிவு செய்ய வேண்டும். எனவே ஒரே தேயிலை நிறுவனத்தின் பங்கு, கோயம்புத்தூரில் பம்ப்செட் உற்பத்தியாளரிடம் வேலை செய்பவருக்கு ஐந்து விழுக்காடும், குன்னூரில் தேயிலை பயிரிடுபவருக்குப் பூஜ்யமும் பொருத்தமான அளவாக இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

இழப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடல்

அளவைத் தீர்மானிக்கும் கணக்கு வரக்கூடிய இலாபத்திலிருந்து தொடங்கினால் எந்தத் தொகையும் சிறிதாகவே தெரியும். ஆகையால் தாங்கக்கூடிய இழப்பிலிருந்து தொடங்குவது அறிவுடைமை. இழப்புக்கும் மீட்சிக்கும் இடையிலான எண்கணிதம் சமமானதன்று. 20 விழுக்காடு இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப 25 விழுக்காடு ஈட்டினால் போதும். 50 விழுக்காடு இழந்தவருக்கு 100 விழுக்காடும், 80 விழுக்காடு இழந்தவருக்கு 400 விழுக்காடும் தேவைப்படும். பள்ளம் ஆழமாக ஆக ஏற்றம் பன்மடங்கு கடினமாகிறது.

ஒரு குடும்பம் அவசரத் தேவைக்கான பணத்தையும், மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வரவிருக்கும் கல்விக் கட்டணம், திருமணச் செலவு போன்றவற்றையும் வங்கி வைப்பில் ஒதுக்கிவிட்டு, ஐந்து லட்சம் ரூபாயைப் பங்குகளுக்கு என்று வைத்திருப்பதாகக் கொள்ளலாம். தேயிலை வருமானத்தை நம்பும் வீட்டில் இந்த ஒதுக்கீடு பெரிதாகவே இருக்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் மாதங்களில் இலை வரத்து குறைவதால், அந்தக் காலத்தில் பணத்தேவைக்காகப் பங்குகளை வந்த விலைக்கு விற்க நேர்ந்தால் எந்தக் கணக்கும் பயன்தராது. ஐந்து லட்சத்தில், எந்த ஒரு பங்கின் மீதான கணிப்பு பொய்த்தாலும் இழப்பு இரண்டு விழுக்காட்டை, அதாவது 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அந்தக் குடும்பம் முடிவு செய்கிறது. நீண்டகாலமாக நிலைபெற்ற ஒரு பெரிய நிறுவனத்தின் பங்கு கணிப்பு தவறினால் 50 விழுக்காடு இறங்கலாம் என்று கொண்டால், போடக்கூடிய தொகை 20,000 ரூபாய், அதாவது நான்கு விழுக்காடு. 80 விழுக்காடு வரை இறங்கக்கூடிய சிறு நிறுவனமானால் அது 12,500 ரூபாய், இரண்டரை விழுக்காடு. தாங்கும் இழப்பை எதிர்பார்க்கும் சரிவின் விகிதத்தால் வகுத்தால் வாங்க வேண்டிய தொகை கிடைக்கிறது. இதற்கு மேல் சூத்திரம் எதுவும் இதில் இல்லை.

50 விழுக்காட்டுச் சரிவு என்ற அனுமானம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் 50 பெரிய நிறுவனங்களின் தொகுப்புக் குறியீடான நிஃப்டியே 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் மாத அடிமட்டத்துக்குள் 38 விழுக்காடு அளவுக்கு இறங்கியது என்பதைக் கருதினால், தனி நிறுவனம் ஒன்றுக்கு அதைவிடக் குறைவாக எண்ணுவதற்கு நியாயமில்லை. கணக்கு மோசடியை அதன் நிறுவனரே 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பங்கு, நிஃப்டியில் இடம்பெற்றிருந்தபோதிலும், அந்த ஒரே நாளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மதிப்பை இழந்தது. நான்கு விழுக்காடு வைத்திருந்தவருக்கு அது மொத்தத்தில் மூன்று விழுக்காட்டு நட்டம். பாதிச் சேமிப்பை வைத்திருந்தவருக்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நட்டம். இருவரும் செய்த தேர்வுப் பிழை ஒன்றே, விளைவை வேறாக்கியது அளவு மட்டுமே. ஒரு குறிப்பிட்ட விலைக்கு இறங்கியதும் விற்றுவிடலாம் என்று திட்டமிட்டிருந்தவருக்கும் அன்று அந்த விலையில் வாங்க ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

நிபுணர்கள் சொல்வதும் சொல்லாததும்

அளவைக் கணிதமாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி. 1956-இல் அவர் வகுத்த விதிப்படி, வென்றால் போட்டதற்குச் சமமான தொகை கிடைக்கும், தோற்றால் போட்டது முழுவதும் போய்விடும் என்ற நிலையில், வெற்றி வாய்ப்பு 60 விழுக்காடாக இருந்தால் கையிருப்பில் 20 விழுக்காட்டையும், 55 விழுக்காடாக இருந்தால் 10 விழுக்காட்டையும் போடுவது நீண்டகால வளர்ச்சியை மிகுவிக்கும். வெற்றி வாய்ப்பைப் பற்றிய மதிப்பீடு ஐந்து விழுக்காடு பிசகினாலே போட வேண்டிய தொகை பாதியாகிவிடுகிறது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சரியான அளவைப்போல் இரு மடங்கைத் தொடர்ந்து போடுபவருக்கு, கணிப்பு சரியாகவே இருந்தாலும் நீண்டகால வளர்ச்சி ஏறக்குறைய இல்லாமற்போகும். சூதாட்டத்தில் வாய்ப்புகளை எண்ணிவிடலாம். பங்கில் அவை ஊகங்களே. அதனால்தான் இந்த விதியைப் பின்பற்றுபவர்கள்கூட அது காட்டும் அளவில் பாதியோடு நின்றுகொள்கின்றனர்.

எத்தனை பங்குகள் வேண்டும் என்ற கேள்விக்கும் ஒரே விடை இல்லை. 1968-இல் எவன்ஸ், ஆர்ச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் பத்துப் பங்குகளுக்கு மேல் சேர்ப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு வேகமாகக் குறைகிறது என்றனர். 1987-இல் மெயர் ஸ்டாட்மன் குறைந்தது முப்பது தேவை என்று வாதிட்டார். இந்தியாவில் செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் ஒரு வழிகாட்டியாகின்றன: பரஸ்பர நிதித் திட்டம் ஒன்று, குறியீட்டையோ குறிப்பிட்ட துறையையோ பின்பற்றும் திட்டங்கள் நீங்கலாக, தன் நிகரச் சொத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் பங்கில் போடக்கூடாது. ஆய்வாளர் குழுவும் நிர்வாகத்தைச் சந்திக்கும் வசதியும் உள்ள நிதி மேலாளருக்கே சட்டம் இத்தகைய எல்லையை விதித்திருக்கையில், மாலை நேரத்தில் கைப்பேசியில் சந்தையைப் பார்க்கும் தனிமனிதர் தமக்கு அதைவிடத் தளர்ந்த எல்லையை வைத்துக்கொள்வதற்குக் காரணம் காண்பது அரிது.

சிறுகச் சேர்த்தலும் அதன் வரம்பும்

முழு அளவையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கவாத்தை எல்லாக் காடுகளிலும் ஒரே பருவத்தில் செய்யாமல், ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் சுற்றிவரச் செய்வதுபோல, தீர்மானித்த 20,000 ரூபாயை மூன்று பகுதியாக்கி, அடுத்தடுத்த காலாண்டு முடிவுகள் வெளியானபின் ஒவ்வொன்றாகப் போடலாம். இதனால் சராசரி விலை குறையும் என்பதற்கு உறுதியில்லை. விலை ஏறிக்கொண்டே போனால் கூடவும் செய்யும். கிடைக்கும் பயன் வேறு: முதல் பகுதியை வாங்கியபின் அந்நிறுவனத்தைக் கூர்ந்து கவனிக்கும் அக்கறை பிறக்கிறது, அதில் தெரியவரும் குறைகளுக்கேற்ப எஞ்சிய பகுதிகளை நிறுத்திவிடவும் வழியிருக்கிறது. இந்த முறையை, இறங்க இறங்க வாங்கிச் சராசரி செய்யும் பழக்கத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. முன்னதில் மொத்த அளவு தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. பின்னதில் நட்டமே அளவை வளர்க்கிறது. நான்கு விழுக்காடாகத் தொடங்கிய பங்கு பதினைந்து விழுக்காடாகி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே வழி.

அளவை நிர்ணயிப்பதில் எளிதில் மறக்கப்படும் மற்றொன்று, விற்க முடிவது. நீலகிரியில் தோட்டங்களைக் கொண்ட யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ், நீலமலை ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ் போன்ற நிறுவனங்கள் சந்தையில் பட்டியலிடப்பட்டவையே. ஆயினும் இத்தகைய சிறு நிறுவனங்களின் பங்குகளில் கணிசமான பகுதி நிறுவனத்தை நடத்துபவர்களிடமே இருப்பதால், அன்றாடம் கைமாறும் எண்ணிக்கை பெரிய நிறுவனங்களோடு ஒப்பிடத் தக்கதன்று. வாங்கும்போது தொந்தரவு தராத இந்தக் குறை, அவசரமாக விற்கும்போது விலையைக் கணிசமாக விட்டுக்கொடுக்க வைக்கும். ஒருவர் வைத்திருக்கும் பங்குகளைச் சில நாள்களின் வழக்கமான வணிகத்துக்குள் விற்றுவிட முடியுமா என்பதைப் பார்த்து, முடியாதெனில் அளவை மேலும் குறைப்பது நல்லது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தளத்தில் வரும் புதிய வெளியீடுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அங்கு குறைந்தபட்ச விண்ணப்பமே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதால், ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கு அளவைத் தீர்மானிக்கும் உரிமையே இல்லாமல் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஒரே இளம் நிறுவனத்தில் முடங்குகிறது. நிறுவனம் எவ்வளவு நல்லதாயினும், அந்த அளவு பொருந்தாது என்பதே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

எதிர்த்திசையிலும் பிழை நிகழ்வதுண்டு. அச்சத்தினால் நாற்பது ஐம்பது நிறுவனங்களில் ஆயிரம், இரண்டாயிரம் என்று தூவிவைப்பவருக்கு ஒரு பங்கு இரட்டித்தாலும் மொத்தத்தில் மாற்றம் தெரியாது. விற்கும்போது ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் டீமேட் கணக்கிலிருந்து தனியாகப் பிடிக்கப்படும் நிலையான கட்டணம் சிறு தொகையைக் கூடுதலாகவே அரிக்கும். ஐம்பது நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிக்க எவருக்கும் நேரமும் இராது. அத்தனை பரவலை விரும்புபவருக்குக் குறியீட்டு நிதி ஒன்றே குறைந்த செலவில் அதைத் தந்துவிடும். தனிப் பங்கு வாங்குவதென்றால், அதைத் தொடர்ந்து கவனிக்கத் தூண்டும் அளவுக்கேனும் தொகை இருக்க வேண்டும். கவனம் தவறினாலும் குடும்பம் தாங்கும் அளவுக்குள்ளும் அது நிற்க வேண்டும்.

வாங்கிய பங்கு நன்றாக வளர்ந்து, ஐந்து விழுக்காடு இருபதாகிவிட்டால், அப்போதும் அளவு குறித்த முடிவு தேவைப்படுகிறது. நீண்டகால இலாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 விழுக்காடு என்ற விதி 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ளதால், ஒரே நாளில் விற்காமல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்து எல்லைக்குள் கொண்டுவருவது வரியளவிலும் இலாபகரமானது.

கட்டுப்பாட்டாளர் செய்யக்கூடியது

இவை அனைத்தையும் தனிமனிதரின் ஒழுக்கத்துக்கே விட்டுவிடுவது போதாது. இன்றைய தரகு நிறுவனச் செயலிகள் ஒரு பங்கின் விலை வரலாற்றையும் ஏற்ற இறக்கத்தையும் விநாடிக்கு விநாடி காட்டுகின்றன. ஆனால் இந்த வாங்கலுக்குப் பிறகு உங்கள் மொத்த முதலீட்டில் எத்தனை விழுக்காடு இந்த ஒரே நிறுவனத்தில் இருக்கும் என்ற எண்ணை, ஆணையை உறுதிசெய்யும் திரையில் காட்டுவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. வருவிப்புப் பேரங்களில், அதாவது பங்கின் எதிர்கால விலையின் மீது கட்டப்படும் ஒப்பந்தங்களில், பத்துத் தனிநபர்களுள் ஒன்பது பேர் பணம் இழக்கின்றனர் என்ற எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என 2023-இல் செபி தரகர்களுக்கு உத்தரவிட்டது. பொதுவான எச்சரிக்கையைக் காட்ட முடிந்த திரையில், வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்த ஒரு விழுக்காட்டைக் காட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. டீமேட் கணக்குகளைப் பேணும் வைப்பகங்கள் பங்குகளையும் பரஸ்பர நிதிகளையும் சேர்த்து அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையிலும், பத்து விழுக்காட்டைத் தாண்டிய நிறுவனங்களைத் தனியாகக் குறித்துக்காட்டலாம். எந்தப் பங்கை வாங்க வேண்டும் என்று அரசோ வாரியமோ சொல்லக்கூடாது, சொல்லவும் முடியாது. எவ்வளவு வாங்குகிறோம் என்பதை வாங்குபவரின் கண்ணில் படச் செய்வது அவற்றின் அதிகாரத்துக்கும் கடமைக்கும் உட்பட்டதே.